பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழர்

"அத்தான், குடி முழுகிப்போச்சு!" என்று மைத்துனன் கடைக்குள் நுழைந்தபோது டைலரின் வாயில் ஆறு குண்டூசிகள் இருந்தன. எதிரே ஒருவர் பாதி தைத்த கோட்டோடு கைகளை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

டைலர் புருவத்தை உயர்த்தி "என்ன?" என்றார். பகல் முழுக்க அவர் பேச்சு புருவத்தால்தான்.

"நம்ம வீட்டை விக்கிற தரகரும், அதை வாங்க வர்றாங்களே அந்த நர்ஸ் தம்பதி, அவங்க தரகரும் ஒரே ஆளு!"

ஒரு ஊசி கீழே விழுந்தது. மற்ற ஐந்தும் தொண்டைக்குள் போகாதது அவர் மனைவி செய்த புண்ணியம். டைலர் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"அதுக்கென்ன மச்சான்? அவருதான் முதல் நாளே சொன்னாரே, 'நான் ரெண்டு பக்கமும் வேலை பாக்கிறவன், ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குவேன்'னு."

"சொன்னாரா? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் அவரு சட்டைக் காலரைப் பாத்துட்டு இருந்தேன். கிழிஞ்ச காலரைத் திருப்பித் தெச்சுப் போட்டிருக்காரு. இந்தக் காலத்துல யாரு அப்படிப் போடறா? நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் பிரிட்ஜ் மெக்கானிக். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிற கண் அவனுக்கு.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னா பாலு என்னத்துக்கு ஆகும் அத்தான்? சரி, அவருகிட்ட என்னென்ன உளறி வெச்சீங்க?"

டைலர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. உளறாதது எது என்று கேட்டிருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். டைலரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஐம்பத்து நான்கு படிகள், லிஃப்ட் கிடையாது. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கடைசியாக அவள் தரையை மிதித்து நான்கு மாதம் ஆகிறது. அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். ஏறி வந்ததும் அவள், "இனிமே என்னைத் தூக்கறதுன்னா ஒரேயடியாத் தூக்கிடுங்க" என்றாள். அதிலிருந்து ஜன்னல்தான். தெருவில் போகிறவர்களின் உச்சந்தலை அத்தனையும் அவளுக்கு அத்துப்படி, ஒரு முகம் தெரியாது.

டைலர் அலைந்து திரிந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தரைவீடு பிடித்திருந்தார். பின்கதவைத் திறந்தால் எட்டடிக்கு மண் தரை, ஒரு கொய்யாமரம். அந்த வீட்டுக்காரர், "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாடி வீடு விற்றால்தான் தரைவீடு. இன்றைக்குத் தேதி பத்து.

இதையெல்லாம் டைலர் தரகரிடம் முதல் நாளே கொட்டிவிட்டார். கொட்டினார் என்றால் அவர் மீது மட்டும் தப்பில்லை. அந்தத் தரகர் கேட்கிற அழகு அப்படி.

அறுபது வயசு இருக்கும். காதை மூடுகிற மாதிரி வளர்ந்த நரைமுடி. டைலர் முன்னால் குனிந்து, "ஐயா, இது உங்களுக்குள்ள இருக்கட்டும்" என்று ஆரம்பித்ததும் அவர் ஒரு கையைக் காதோரம் கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார். டைலரின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை, கொட்டாவி இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் டைலரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடையில் வாயில் ஊசி, வீட்டில் பேச்செல்லாம் மனைவியுடையது. ஐம்பத்தெட்டு வருஷத்துப் பேச்சு மடை திறந்துகொண்டது.

"கேக்கிறது நாப்பது லட்சம். ஆனா முப்பத்தாறுக்குக்கூடக் குடுத்துடுவேன் ஐயா. என் சம்சாரம் மண்ணுல கால் வெச்சா போதும்."

பேசி முடித்ததும் தரகர் மறுபடி காதோரம் கையை வைத்து எடுத்துவிட்டு, "நல்லபடியா முடியும்" என்றார். அவ்வளவுதான்.

"முப்பத்தாறா! அதைச் சொல்லிட்டீங்களா?" மைத்துனன் அங்கிருந்த தையல் மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "இந்நேரம் நர்ஸ் வீட்ல அதைச் சுவத்துல எழுதி வெச்சிருப்பாங்க!"

கோட்டுக்காரர் கைகளை இன்னும் இறக்கவில்லை. "முப்பத்தாறுன்னா நானே வாங்கிக்கறேனே" என்றார்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. இங்கே சொல்வதையெல்லாம் தரகர் அந்தப் பக்கம் கடத்துகிறவர் என்றால் அவர் வழியாகவே பொய்யைக் கடத்திவிடலாம். மறுநாள் காலை டைலர் தரகர் ஆபீசுக்குப் போனார். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒப்பந்தம் டைப் அடிக்கிற அம்மா ஒருத்தி. அவள் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

"ஐயா, உங்களுக்குள்ள இருக்கட்டும். எனக்கு அவசரமே இல்ல. என் சம்சாரத்துக்கு முட்டி சரியாப் போச்சு. தினம் நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்குறா. வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா."

அதே தலைசாய்ப்பு, அதே பார்வை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. டைலருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நல்லபடியா முடியும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவங்க வீடு பாக்க வர்றாங்க."

சொன்ன பொய்யை நிரூபித்தாக வேண்டும். டைலர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"ஓடணுமா, தாண்டணுமா? அதையும் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"சும்மா ஹால்லேர்ந்து அடுப்படிக்கு நாலு நடை. சிரிச்ச முகமா."

"நாலு மாசமா எனக்காக அலையற மனுஷனுக்கு நாலு நடை நடக்க மாட்டேனா? நடக்கறேன். சிரிக்கிறது மட்டும் சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை தரகர் அந்தத் தம்பதியை அழைத்து வந்தார். இருவரும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாறி மாறி நைட் டூட்டி, பகலில்தான் தூக்கம். தலைக்கு மேலே யாரும் நடமாடாத வீடு வேண்டும் என்பதால் மேல்மாடி தேடுகிறவர்கள். டைலர் மனைவி சுவரையும் நாற்காலியையும் தொட்டுத் தொட்டு முதல் நடை போனாள். இரண்டாவது நடையில் நர்ஸ் அம்மாள் ஓடி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, முதல்ல உக்காருங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கே. எத்தனை மாசமா இப்படி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல! செருப்பு கடிக்குது" என்றார் டைலர்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். அவர் மனைவி வெறுங்காலோடு நின்றாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு முட்டி இரண்டும் பலாப்பழமாய் வீங்கிவிட்டன. டைலர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"போட்டிக்கு ஆள் இருந்தாத்தான் சரக்குக்கு மதிப்பு அத்தான்" என்றான் மைத்துனன். "நாப்பத்திரண்டு குடுக்க இன்னொருத்தன் தயாரா இருக்கான்னு தரகர் காதுல போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"யாரு அந்த இன்னொருத்தன்?"

"நான்தான்."

டைலர் போய் நாற்பத்திரண்டு கதையைத் தரகரிடம் அந்தரங்கமாகச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மைத்துனன் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, வீடு வாங்க வந்தவனாகத் தரகர் ஆபீசுக்குப் போனான். இரண்டு மணி நேரம் கழித்துத் தையல் கடைக்குத் திரும்பினான். முகத்தில் ஒரு தெளிவு, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி.

"என்ன மனுஷன் அத்தான் அவரு! என்னமாக் கேக்குறாரு! என் முதலாளி, என் பொண்டாட்டி, ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. 'உங்களுக்குள்ள இருக்கட்டும்'னு ஆரம்பிச்சு மனசுல இருந்ததெல்லாம் சொல்லிட்டேன்."

டைலருக்குக் கத்தரிக்கோல் நழுவியது. "எல்லாம்னா?"

"எங்க அப்பாவுக்கும் எனக்கும் இருந்த சண்டை... நான் பத்தாவது ஃபெயிலானது..."

"அப்புறம்?"

"அப்புறம் பேச்சுவாக்குல... நான் உங்க மச்சான்தான், வீடெல்லாம் வாங்க வரல, சும்மா விலையை ஏத்திவிட வந்தேன்னு..."

டைலர் குனிந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'நல்லபடியா முடியும்'னாரு."

அப்போதே டைலரின் போன் அடித்தது. தரகர்தான். "டைலர், ரெண்டாவதா ஒரு பார்ட்டி வந்திருக்காரு. பிரிட்ஜ் மெக்கானிக். நல்ல மாதிரியாத் தெரியுது. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பார்ட்டியையும் ஒண்ணா கூட்டிட்டு வர்றேன்."

டைலர் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தும் குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு குத்தல் இல்லை! இந்த ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் பக்கமா, அந்தப் பக்கமா? பயமாகவும் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு மரியாதையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைத்துனனுக்கு டைலர் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். வர வேண்டும், வீட்டைப் புகழ வேண்டும், நாற்பத்திரண்டு என்று சொல்ல வேண்டும், போய்விட வேண்டும். அவனும் ஹாலைப் புகழ்ந்தான். ஜன்னலைப் புகழ்ந்தான். படுக்கையறைக்குப் போனதும் மூக்கை ஒருமாதிரி சுருக்கினான்.

அந்த மூக்குச் சுருக்கம் டைலருக்குத் தெரியும்.

"ஈர வாடை வருதே" என்றான் மைத்துனன். சுவரைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான். பீரோவைத் தோள் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். பின்னால் உலக வரைபடம் மாதிரி ஒரு கறை. "பாத்தீங்களா! மேல தளத்துல விரிசல். ரெண்டு மழைக்காலமா ஒழுகுது. இதை மறைக்கத்தான் பீரோவை இங்க போட்டிருக்காங்க!"

பின்னாலிருந்து டைலர் அவன் முதுகில் கிள்ளினார். தொழில் பக்தி தலைக்கேறியவனுக்குக் கிள்ளல் எங்கே உறைக்கும்?

"ஒழுகுற வீடு எனக்கு வேண்டாம்! யாருக்குமே நான் சிபாரிசு பண்ண மாட்டேன்!" என்று நர்ஸ் தம்பதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஐம்பத்து நான்கு படியும் அதிர இறங்கிப் போனான். பாதிப் படியில்தான் நினைவு வந்திருக்க வேண்டும், காலடிச் சத்தம் திடீரென்று நின்றது.

நர்ஸ் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள்.

யோசனை நீண்டுகொண்டே போனது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. தரைவீட்டுக்காரர் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "வேற ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு, சும்மா சொல்லி வெச்சேன்" என்றார். அன்று டைலர் ஒருவருக்குச் சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தார்.

இருபத்தெட்டாம் தேதி காலை டைலர் தரகர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்குள்ள இருக்கட்டும்..." என்றார். அதற்கு மேல் பொய் வரவில்லை. உண்மைதான் வந்தது. அவசரமில்லை என்றது பொய், நாற்பத்திரண்டு பொய், மைத்துனன் பொய், பீரோ இருந்த இடமும் பொய். "உங்களை நம்பாம போனேன் ஐயா. முப்பத்தஞ்சுக்குன்னாலும் முடிச்சுக் குடுத்துடுங்க. அவ ஜன்னல்லயே இருக்கா. நேத்து என்கிட்ட கேட்டா, கொய்யாமரம் எவ்வளவு உயரம் இருக்கும்னு. கைக்கு எட்டும்னு சொல்லிட்டேன்..." தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தரகர் எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க. அவங்களையும் வரச் சொல்றேன். நல்லபடியா முடியும்."

மறுநாள் மேஜையின் ஒரு பக்கம் டைலர், எதிரே நர்ஸ் தம்பதி. நடுவே தரகர், அதே திருப்பித் தைத்த காலர். டைப் அடிக்கும் அம்மா ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தாள்.

"அவங்கவங்க மனசுல இருக்கிற விலையை எழுதி மடிச்சு வைங்க" என்றார் தரகர். "எனக்குக் காட்ட வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல வர்றது விலை. சம்மதமா?"

டைலருக்குப் பேனா ஓடவில்லை. எதிரே அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். முப்பத்தைந்து என்றுதான் எழுதியிருப்பார்கள். இவர் அதிகம் எழுதி அவர்கள் எழுந்து போய்விட்டால்? கொய்யாமரத்தை நினைத்துக்கொண்டு முப்பத்தேழு என்று எழுதினார். எழுதியதே பேராசை என்று பட்டது.

டைப் அடிக்கும் அம்மா இரண்டு சீட்டையும் பிரித்தாள். "விக்கிறவங்க முப்பத்தேழு. வாங்குறவங்க..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "முப்பத்தொன்பது."

டைலருக்குக் காது அடைத்தது.

"நாப்பதுதான் எழுத இருந்தோம்" என்று நர்ஸ் அம்மாள் சங்கடப்பட்டாள். "மேல்தளம் சரிபண்ற செலவுக்கு ஒண்ணு குறைச்சுக்கிட்டோம். தப்பா நினைக்காதீங்க. முதல்ல அந்த இன்னொருத்தரு நாப்பதுக்கு மேல போயிடுவாரோன்னு வேற பயந்துட்டு இருந்தோம். நல்லவேளை, அவரு ஒழுகலைக் காட்டினாரு. பாக்காம வாங்கியிருந்தா பின்னாடி உங்களை வைதிருப்போம். ஒழுகல் எவ்வளவு தூரம்னு மேஸ்திரியைக் கேட்டுட்டு வரத்தான் இத்தனை நாள்."

முப்பத்தெட்டுக்கு முடிந்தது. டைலர் சந்தோஷமாக, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அவர் முப்பத்தாறு என்று சொன்னதும் போகவில்லை, முப்பத்தைந்து என்று அழுததும் போகவில்லை, மைத்துனன் குட்டும் வெளிப்படவில்லை. சொன்ன அத்தனையும் ஒரு பொட்டு சிந்தாமல் அப்படியே இருந்திருக்கிறது!

போன் செய்து மனைவியிடம் சொன்னார். "பின்கதவுக்குச் சாவி ஒண்ணா ரெண்டா?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அழுகிறாள் என்று தெரிந்தது. தரைவீட்டுக்காரருக்கு இன்றே முன்பணம் என்று அதே கையோடு சொல்லிவிட்டார்.

நர்ஸ் தம்பதியை வழியனுப்பத் தரகர் வாசல் வரை போயிருந்தார். மனசு கொள்ளாமல் டைலர் டைப் அடிக்கும் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஊரெல்லாம் என்ன வேணா சொல்லட்டும். ரெண்டு பக்கமும் வேலை பாக்கிற தரகர்னா இப்படித்தான் இருக்கணும். நானும் என் மச்சானும் எங்க ஜாதகத்தையே கொட்டினோம். எங்களைக் கேட்ட மாதிரி அவங்களையும் உக்காந்து கேட்டிருப்பாரு. ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகலயே! இவ்வளவையும் எப்படிம்மா அந்த மனுஷன் மனசுக்குள்ளயே பூட்டி வெச்சுக்கறாரு?"

அவள் முதல்முறையாகக் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

"பூட்டி வெக்கறதா? யாரு 'உங்களுக்குள்ள இருக்கட்டும்'னு ஆரம்பிச்சாலும் காது மெஷினை அணைச்சிடுவாரு சார். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் ரகசியமும் அவரு காதுல விழுந்ததில்ல."